தங்கபாண்டிக்குப் போட்ட மாலை

போடிநாயக்கனூர்
9.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை உன் டிவி நாடகத்தைப் புதுசாக மறுபடி ஆரம்பித்து, எடுத்ததுமே தங்கபாண்டி படத்துக்கு மாலை போட்டுக் காட்டினாய் அல்லவா, அதைப் பார்த்து நான் நிஜமாகவே ஒப்பாரி வைத்துவிட்டேன். அதோடு விட்டேனா? குழாயடிக்கு ஓடித் தலைக்கும் ஊற்றிக்கொண்டேன். ஈரத்தலையோடு திரும்பி வந்தால், உன் மாப்பிள்ளை கருவாட்டுக் குழம்பை வழித்துக்கொண்டே, "யாருக்குடி தலை முழுகுன? எனக்கா?" என்கிறார்.

சிரிக்காதே. நீ தங்கபாண்டியை யாரைப் பார்த்து எழுதினாய் என்று சென்னைக்காரர்களுக்குத் தெரியாது. போடிக்குத் தெரியும், என் வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் என்று. அந்த நாடகம் ஞாயிறுதோறும் ஓடிய காலத்திலிருந்து இவரை ஒச்சப்பன் என்று கூப்பிடுகிற ஒரே ஆள் தபால்காரர்தான். மற்றவர்களுக்கெல்லாம் ஜீப்பு தங்கபாண்டி. இவருக்கு அதில் பெருமை வேறு. பெயிண்டரைக் கூப்பிட்டு அந்தப் பேரை ஜீப்பிலேயே எழுதிக்கொண்டவர் ஆயிற்றே.

இப்போது சங்கதி என்னவென்றால், மறுநாளிலிருந்து இவர் ஜீப்பில் ஒரு ஆள்கூட ஏறுவதில்லை. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்கள் எல்லாம் காமராஜ் ஜீப்பில் நெருக்கியடித்துப் போகிறார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தலைவி சிலமலை ராக்கு. மறித்துக் கேட்டேன்.

"உங்க வீட்டுக்காரர் மேல ஒண்ணுமில்லக்கா. மாலை போட்டவர் வண்டியில கொண்டை ஊசி வளைவு ஏறணும்னா ஈரக்கொல நடுங்குது. எங்களுக்கும் பிள்ளகுட்டி இருக்குல்ல" என்கிறாள்.

நின்ற இடத்திலேயே நிற்கிற ஜீப்பை இவர் காலையிலிருந்து துடைக்கிறார். இன்னும் நாலு நாள் துடைத்தால் தகரம் தேய்ந்துவிடும். இதை விட்டால் இவருக்கு வேறு சோலி தெரியாது, எங்களுக்கு வேறு சோறும் கிடையாது.

தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்கிறேன் அண்ணே. செத்தவரைப் பிழைக்க வை. போனில் பேசினால் இவர் காதை நீட்டுவார், அதனால்தான் கடிதம். பதிலை நான் காய் பொறுக்குகிற ஏலக்காய் ஸ்டோர் விலாசத்துக்குப் போடு.

இப்படிக்கு,
உன் புண்ணியத்தில் பாதி விதவையான தங்கச்சி,
சோலையம்மாள்

சென்னை
15.11.2024

அன்புள்ள சோலைக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

தங்கபாண்டியாக நடித்த ஜெபகுமார் போய் இரண்டு வருஷம் ஆகிறது. தங்கபாண்டியை எழுதியது நான் என்று ஊர் சொல்லும். பாதிதான் உண்மை. வாயைத் திறக்கும் முன்னால் அவன் ஒரு நிற்பு நிற்பானே, அந்த நிற்புக்கு எவனும் வசனம் எழுத முடியாது. மறுபடி தொடங்கலாம் என்று சேனலில் கேட்டபோது, வேறு நடிகரைப் போடச் சொன்னார்கள். இன்னொருவன் அந்தக் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு என் செட்டில் நடப்பதை என்னால் பார்க்க முடியாது, சோலை.

காமெடியில் ஆளைச் சாகடிக்காதீர்கள் என்று என்னிடம் எழுதக் கற்க வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னவன் நான்தான். நானே மீறினேன். அவன் இறந்த அன்று கூட்டத்தில் என்னால் கிட்டே போய் மாலை போட முடியவில்லை. அதனால் செட்டில் அந்த மாலையை யாரையும் தொடவிடாமல் நானே போட்டேன்.

அதைக் கழற்றச் சொல்லாதே. மாப்பிள்ளையிடம் சொல்லி ஜீப்பில் இருக்கிற பேரை அழிக்கச் சொல். நாளானால் மறந்துவிடுவார்கள்.

உன் அண்ணன்,
ராஜாராம்

போடிநாயக்கனூர்
20.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் காய்க்குப் பதில் காம்பைப் பொறுக்கி வைத்து மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். உன்னைக் கேலி பேச வாய் வரவில்லை. எனக்கே அதிசயமாக இருக்கிறது.

பேரை அழித்தாயிற்று. அழித்த இடம் பளிச்சென்று இருப்பதால் இப்போது தூரத்திலிருந்தே தெரிகிறது.

நாடகம் தொடங்கும் முன்னால், ஜீப்புக்காரர் பேச்சைப் படித்து வரச்சொல்லி ஜெபகுமாரை இங்கே அனுப்பினாயே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு வாரம் இவர் பக்கத்தில் உட்கார்ந்து மெட்டுக்குப் போய்ப் போய் வந்தார். சாப்பாடு நம் வீட்டில். கிளம்புகிற அன்று வாசலில், "ஏ சோலை, வெரசா தண்ணி கொண்டா" என்று இவர் குரல். செம்போடு ஓடினால், நிற்பது ஜெபகுமார். இவர் பின்னால் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

ஜெபகுமார் படம் இன்றும் ஜீப்பில் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவர் இறந்த சேதி வந்த அன்று, படத்துக்குப் போடச் சொல்லி ஒரு முழம் பூக் கொடுத்தேன். இவர் அதை வாங்கி என் தலையில் வைத்துவிட்டு, "சிரிக்கிற மூஞ்சிய எதுக்குடி மறைக்கணும்?" என்றார். நீ மட்டும் பறிகொடுத்ததாக நினைக்காதே அண்ணே.

ஜீப்பில் கூட்டம் இருப்பதாக ஊருக்குத் தெரியட்டும் என்று நேற்று நானே ஏறி முந்தல் வரை போய்வந்தேன். "முன் சீட்டு பாசஞ்சருக்கு. நீ பின்னால போ" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். இறங்கும்போது இவர் துண்டால் கண்ணைத் துடைத்தார். நான் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் தங்கச்சி,
சோலையம்மாள்

சென்னை
27.11.2024

அன்புள்ள சோலைக்கு,

மாலையைக் கழற்றுகிறேன்.

ஜெபா என்னிடம் கொண்டுவந்த குரல் யாருடையது என்பதையே மறந்துபோனேன். அந்தக் காலத்தில் நடிகர் ஷூட்டிங்குக்கு வராவிட்டால் நாங்கள் கதையை நிறுத்த மாட்டோம். 'ஆள் வெளியூரில் இருக்கிறார்' என்று சொல்லி, வீட்டுக்குப் போன் பேச வைத்துவிடுவோம். முகம் வராது, குரல் வரும். அதையே செய்யப் போகிறேன். எவனோ தப்பான சேதி சொல்ல, வீட்டில் மாலை போட்டுவிட்டார்கள் என்றால் கதை முடிந்தது. ஜெபா நின்ற இடத்தில் யாரும் நிற்க வேண்டியதில்லை.

பேச வேண்டியது மாப்பிள்ளை. வருகிற புதன்கிழமை காலையில் போன் போட்டுக் குரலைப் பதிவு செய்துகொள்வேன். வசனம் இவ்வளவுதான்: "ஏய், எவன்டா எனக்கு மாலை போட்டது? நான் சூரியநெல்லியில டயர் பஞ்சராகி நிக்கிறேன். ஸ்டெப்னியக் கொண்டாங்கடா!"

சேனலில் தலையைச் சொறிகிறார்கள். சொறியட்டும். மாப்பிள்ளைக்கு என்மேல் கோபமா? கோபமென்றால் எழுது, வந்து காலில் விழுகிறேன். அதையும் ஒரு சீனாக்கிக்கொள்ளலாம்.

உன் அண்ணன்,
ராஜாராம்

போடிநாயக்கனூர்
9.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கோபமாவது! வசனம் கிடைத்த நாளிலிருந்து இவர் பல் விளக்கும்போதும் பஞ்சராகி நிற்கிறார்.

நேற்று ராக்குவையும் அவள் கூட்டத்தையும் நம் வீட்டுக்கே கூப்பிட்டு டிவி முன்னால் உட்கார வைத்தேன். நாடகத்தில் போன் அடித்தது. இவர் குரல் வந்ததும் ஒருத்திகூட டிவியைப் பார்க்கவில்லை. எல்லாரும் இவரைப் பார்த்தார்கள். ராக்கு எழுந்து வந்து இவர் கையை நறுக்கென்று கிள்ளினாள். இவர் "ஆத்தாடி!" என்று கத்தினார். "உசிரு இருக்குடி" என்று மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

நாடகத்தில் மாலையைக் கழற்றிய கை உன் கைதானே? கழற்றிவிட்டுப் படத்தைத் துடைத்தாயே, அப்போது இவர் மெதுவாக, "மச்சான் அழுகுறாரு" என்றார். கை மட்டும்தான் தெரிந்தது. எப்படிக் கண்டுபிடித்தாரோ.

இன்று விடிவதற்கு முன்னாலேயே பெண்கள் நம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். சோற்றுத் தூக்குவாளிகளை ஜீப்பில் அடுக்கினார்கள். ஏறுவதற்கு முன்னால் அந்த வசனத்தை ஒரு தடவை சொல்லச் சொன்னார்கள். சொன்னார். கை தட்டினார்கள். இவர் கும்பிட்டுவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். மலையில் டவர் கிடையாது, கூப்பிட்டால் போன் போகவில்லை. போடிமெட்டு செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் "ஆளுகள எங்க?" என்று கேட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தாராம், செக்போஸ்ட்டுப் போனில் சொன்னார்.

பதினாலு பேர் சோறும் சேதாரமில்லாமல் மேலே போய்ச் சேர்ந்துவிட்டது. பதினாலு பேரும் இங்கே இருக்கிறார்கள். தோசை ஊற்றிக்கொண்டே எழுதுகிறேன்.

இப்படிக்கு,
சோலையம்மாள்