உன் அப்பாவைத் திருடியவனுக்காக நான் கட்டிய தளம்

என் அன்பு பாஸ்கர் மச்சானுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன் தங்கச்சி வசந்தா நல்லா இருக்கிறாள். முத்தியால்பேட்டையில் என் டூவீலர் ஒர்க்‌ஷாப்பும் எப்படியோ ஓடுகிறது. உன் முதலாளி செய்ததை உனக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உன் காரியத்துக்கு வந்தவன் வசந்தா முன்னால் அப்படி அழுதான். "பாஸ்கர் நினைவா ஒரு புக்கு போடறேம்மா" என்று உன் நோட்டை வாங்கிக்கொண்டு போனான். பன்னிரண்டு வருஷம் டூரிஸ்டுகளை நம் தெருக்களில் நடத்திக் கூட்டிப்போய் நீ சொன்ன கதையெல்லாம் அதில்தான் இருந்தது. எந்த முனையில் நிற்கணும், யாருக்கு வணக்கம் சொல்லணும், அத்தனையும் உன் கையெழுத்தில்.

மூன்று மாதம் கழித்து, நீ டூரிஸ்டுகளைக் கூட்டிப்போன அந்த நடை அவனுடைய டிராவல்ஸ் வலைத்தளத்தில் வந்தது. அவன் போட்டோவோடு. "இந்தத் தெருவில்தான் என் அப்பா மில் சங்கு கேட்டு வேலைக்கு நடந்து போவார்" என்று எழுதியிருந்தான். அது உன் அப்பா, மச்சான். பஞ்சுத் தூசியில் இருமி இருமியே செத்த மனுஷன். அவரையும் எடுத்துக்கொண்டான்.

நேரில் போய்க் கேட்டேன். "பாஸ்கரா? அவரு நம்மகிட்ட டிரைவரா இருந்தாருப்பா" என்றான். சைக்கிளைத் தவிர உனக்கு எதை ஓட்டத் தெரியும்?

அன்றைக்கே முடிவு பண்ணினேன், உன் பெயரில் ஒரு தளம் போடுவது என்று. அவனைத் தேடுகிறவர்கள் கண்ணில் அது படணும்.

எனக்கு கார்புரேட்டர் தெரியும், கம்ப்யூட்டர் தெரியாது. ஜெராக்ஸ் கடை ரேகாவிடம் போனேன். "புதுசா கத்துக்கறவனுக்கு சுலபமா இருக்கணும், தமிழ் எழுத்து உடையாம வரணும், போன்லயே செய்யற மாதிரி இருக்கணும்" என்றேன். முதலில் தளம் போடுவதற்கு இலவச ஆப் ஒன்றைக் காட்டினாள். அரை மணியில் பக்கம் தயார். ஆனால் இலவசம் என்பதால் அவர்களே கீழே விளம்பரம் போடுவார்களாம். உன் போட்டோவுக்கு அடியில் எந்த விளம்பரம் வந்தது தெரியுமா? அவனுடைய டிராவல்ஸ். போனைத் தூக்கி எறியப் பார்த்தேன்.

அடுத்தது, பெரிய கம்பெனிகளெல்லாம் வைத்திருக்கிற மென்பொருள். தளத்தை வைக்க இடம் தனியாகப் பிடிக்கணும், பக்கத்தின் தோற்றத்துக்குத் தீம் தனி, அதில் மாட்டுகிற சாமான் தனி. வண்டியைப் பார்ட் பார்ட்டாகக் கொடுத்து ஓட்டிக்கொள் என்பது போல. ஒரு வாரம் முயன்றேன், பக்கம் வெள்ளையாகவே நின்றது. மூன்றாவதுதான் கைக்கு அடங்கியது. படத்தை விரலால் இழுத்து விட்டால் அங்கேயே உட்கார்ந்துகொள்கிறது. தப்பாகிவிட்டால் ஒரு தட்டு, பழையபடி ஆகிவிடுகிறது. வருஷத்துக்கு ஒரு தொகை கட்டினால் விளம்பரமும் கிடையாது. அதையே எடுத்துக்கொண்டேன்.

முதல் பக்கம் முழுக்க அவனைத் திட்டி எழுதினேன். வசந்தா படித்துப் பார்த்தாள். "இதுல எங்கண்ணன் எங்க இருக்கான்? பூரா அவன்தான் இருக்கான்" என்றாள். அழித்துவிட்டேன். அவன் உன்னை டிரைவர் என்று சொன்ன ஒரு வரியை மட்டும், அவன் பேரோடு, அடியில் விட்டுவைத்தேன்.

நோட்டு இல்லாமல் உன் கதைகளுக்கு எங்கே போவது? நீ நடந்த வழியிலேயே நடந்தேன். இட்லிக் கடை செல்வி அக்கா, இஸ்திரி போடும் கோவிந்தன் என்று ஒவ்வொருவரும் நீ எங்கே நின்று என்ன சொல்வாய் என்று சொன்னார்கள். அவரவர் குரலிலேயே போனில் பதிந்து தளத்தில் ஏற்றினேன். வழியையும் போட்டேன். இனி யார் வேண்டுமானாலும் அதைப் பார்த்துத் தானே நடந்து போகலாம்.

போன மாதம் அவன் எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். கோவிந்தனின் இஸ்திரி வண்டி பக்கத்தில் நின்று அப்பா கதையை ஆரம்பித்தான். கோவிந்தன் உன் அப்பாவோடு ஒரே ஷிஃப்ட்டில் இருந்தவர் என்பது அவனுக்குத் தெரியாது. பெரியவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"உங்கப்பா எந்த செக்‌ஷன் சார்? ஸ்பின்னிங்கா, வீவிங்கா? நான் முப்பது வருஷம் இருந்தேன், பாத்ததில்லயே."

கூட்டத்தில் பாரிஸில் குடியிருக்கும் நம்ம ஊர் அம்மா ஒருத்தர் இருந்தார். தன் போனில் உன் தளத்தைத் திறந்து உன் போட்டோவைக் காட்டி, "இவரோட அப்பாதானே அது?" என்று அவனிடம் கேட்டுவிட்டு, மற்றவர்களுக்கு அதையே பிரெஞ்சில் சொன்னார். ஒவ்வொருவராகத் திரும்பி அவனைப் பார்த்தார்கள். நான் எதிர்ப்பக்கம் ஒரு ஸ்கூட்டருக்கு பிளக் மாட்டிக்கொண்டிருந்தேன். சந்தோஷமாக இருந்தது மச்சான். அதற்காக நான் வெட்கப்படவில்லை. நீயாக இருந்தால் பாவம் என்று விட்டிருப்பாயோ?

மறுவாரமே அந்த நடையைத் தன் தளத்திலிருந்து அவன் எடுத்துவிட்டான். உன் நோட்டு கூரியரில் வந்தது. அப்புறம் அவனே போன் பண்ணினான்.

"அதான் திருப்பிக் குடுத்துட்டேனே ஏழுமல. என் பேரை மட்டும் எடுத்துடேன். என் பேத்தி பாத்துட்டு கேக்குது."

"கேக்கட்டும்" என்று வைத்துவிட்டேன்.

நான் இருக்கிற வரைக்கும் அந்த வரி அங்கேயே இருக்கும். எனக்கு அப்புறமும் இருக்கும்படி பாஸ்வேர்டை வசந்தாவிடம் கொடுத்திருக்கிறேன். அவன் காலில் விழுந்தாலும் எடுக்க மாட்டோம். இது சத்தியம்.

உன் தங்கச்சி புருஷன்,
நீ வாய் நிறைய "மாப்ள" என்று கூப்பிட்ட
ஏழுமலை