சாய்மானத்து நீலம்

எதிர் வீட்டில் இன்று காலையிலிருந்து இரும்புக் கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள், அக்கா. அடிக்கிறவர் மண்ணெண்ணெய் கலந்திருக்கிறார், வாசனையே சொல்லிவிடுகிறது. அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு நான்கு முறை வாசலுக்குப் போய் வந்தேன். ஐந்தாம் முறை அந்த ஆளிடமே, "எப்பக் காயும்?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அது காய்ந்தால் எனக்கென்ன, காயாவிட்டால் எனக்கென்ன. ஆனாலும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

ராஜபாளையத்தில் நம் வீட்டில் கிடந்த பெஞ்சு உனக்கு மறந்திருக்காது. மூடப்போகிற ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து அப்பா மலிவாக வாங்கி வந்தது. கைப்பிடியும் சாய்மானமும் வைத்த நல்ல தேக்கு. ஆனால் அசல் ஆஸ்பத்திரிப் பச்சை. வருகிறவர்கள் அதில் உட்கார்ந்ததும், "டாக்டர் இருக்காவளா?" என்று கேலி செய்வார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து உன்னைப் பெண் பார்க்க வருவது முடிவானதும், அந்தப் பச்சையை ஒழித்துக்கட்டுவது என்று இறங்கினாய். உப்புத்தாளை வைத்து இரண்டு நாள் தேய்த்தாய். அப்புறம் ஆகாய நீலத்தில் நிதானமாக ஒரு பூச்சு. என்னைக் கிட்டேயே விடவில்லை. "தொட்டுப் பாத்துட்டுக் காஞ்சிருச்சுன்னு நம்பாத. வெரலுக்குக் காஞ்சிருக்கும், முதுகுக்குக் காஞ்சிருக்காது" என்றாய்.

அந்த மாப்பிள்ளையை உனக்குப் பிடித்திருந்தது. போட்டோவைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, இந்த இடம் அமைஞ்சாத் தேவல" என்றாய். வேறு எந்த இடத்துக்கும் நீ அப்படிச் சொன்னதில்லை. எனக்கோ என் அவசரம். உனக்கு முடிந்தால்தான் எனக்கு. எனக்குப் பேசி வைத்திருந்தவர்கள் தை வரைக்கும்தான் பொறுப்போம் என்று சொல்லியிருந்தார்கள்.

அவர்கள் வரவிருந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்கப் போயிருந்தாய். அம்மா அடுப்படியில் இருந்தாள். பெஞ்சின் சாய்மானத்தில் இரண்டு இடத்தில் பழைய பச்சை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. டப்பாவின் அடியில் மிச்சமிருந்த பெயிண்டில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கலக்கி, சாய்மானம் முழுக்க இன்னொரு பூச்சு இழுத்துவிட்டேன். நாலு மணிக்குத்தானே வருகிறார்கள், அடிக்கிற வெயிலுக்கு அதற்குள் காய்ந்துவிடும் என்று நினைத்தேன். பத்து மணிக்கெல்லாம் அய்யனார் கோவில் மலைப் பக்கம் இருட்டி, சாரல் இறங்கிவிட்டது.

"என்ன காரியம் பண்ணி வச்சிருக்க, ஏட்டி?" என்றாய். அவ்வளவுதான், திட்டவில்லை. பெஞ்சை ஃபேனுக்கு அடியில் இழுத்துப் போட்டோம். மத்தியானமும் விரலில் ஒட்டியது. "பக்கத்து வீட்டுல நாற்காலி கேட்டு வாங்கிட்டு வா. அப்பா வந்ததும் இதக் கொல்லைக்குத் தூக்கிருவோம்" என்று என்னை அனுப்பிவிட்டு, சேலை மாற்ற உள்ளே போனாய்.

ராகுகாலத்துக்கு முன்னால் பேசி முடித்துவிட வேண்டும் என்று அவர்கள் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டிலேயே காத்திருந்த அப்பா, விஷயம் தெரியாமல், நேரே கூட்டி வந்து பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். நான் நாற்காலிகளோடு திரும்பியபோது மாப்பிள்ளையின் அம்மா நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் என்னவோ ஏதோ என்று எழுந்தார். அரக்குப் பட்டின் முதுகில் வரிசையாக நீலக் கோடுகள்.

"யாரு பெயிண்டு அடிச்சது?" என்று கேட்டார்.

நான் நிலைப்படியிலேயே நின்றேன். காபித் தட்டோடு வந்த நீ, "நாந்தான்" என்றாய்.

"பொண்ணுக்கு அம்புட்டு அவசரமா?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள். பத்து நாளில் ஜாதகம் திரும்பி வந்தது.

பெஞ்சு உன் வேலை என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. நம் சனத்தில் உனக்கு அவசரக்காரி என்று பேராகிவிட்டது. அப்புறம் பார்த்த இடங்களுக்கெல்லாம் உன் போட்டோவுக்கு முன்னால் அந்தக் கதை போய்ச் சேர்ந்தது. தங்கைக்காவது முடியட்டும் என்று தையில் என் கல்யாணத்தை நடத்தினார்கள். நீ ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிக்கூட வேலைக்குச் சேர்ந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தாய். தேரடியில் ஒருநாள் அந்த அம்மாவையே பார்த்ததாகச் சொன்னாய். "'பெயிண்டு காஞ்சிருச்சாம்மா'ன்னு கேட்டாவ. நல்ல மனுசி" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் அன்று பழியை ஏற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். "ஒரு வீட்டுல ஒருத்தி பேரு கெட்டாப் போதும்" என்றாய். மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தேன். நீ திருத்தி வைத்த பரீட்சைத் தாளில் ஒன்றை நீட்டி, "மார்க்கக் கூட்டிச் சொல்லு" என்றுவிட்டாய். அதோடு நானும் விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

போன வாரம் உன் பதினாறாம் நாள். சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும்போது மாமா அந்தக் கதையை எடுத்தார். "அவளுக்கு எல்லாத்துலயும் அவசரம். போறதுலயும் பாருங்க, நாப்பது வயசு ஆகல" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து நின்று, "அக்கா இல்ல மாமா. அன்னைக்கு அடிச்சது நாந்தான். அவசரப்பட்டது நாந்தான்" என்றேன். பன்னிரண்டு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தது.

அத்தை வந்து என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். "அக்கா மேல உள்ள பாசத்துல பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிடுதா, பாவம். அவளுக்குக் கொஞ்சம் மோர் குடுங்க" என்றார்.

மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அம்மாவிடம் தனியாகச் சொல்லிப் பார்த்தேன், அவளும் என் தலையைத் தடவிக்கொடுத்தாள். நான் அடித்தது தெரிந்தவள் நீ ஒருத்திதான், அக்கா. நீ இருந்து சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தாலும், "அவ சொல்லுதத நம்பாதீய, நாந்தான் அடிச்சேன்" என்றுதான் சொல்லியிருப்பாய்.