மூடிய கண்களுக்கு ஒரு படம்

ஜூன் 4
எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். இத்தனை வருடம் படம் எடுத்ததும் இப்படித்தான். வசனமெல்லாம் மண்டைக்குள், நடிப்பவர்களுக்கு வாயால் சொல்லிக் கொடுப்பேன்.

இன்று எங்கள் திருச்சபைக் கமிட்டி என் புதுப் படத்தைப் பார்த்தது. அவர்கள் சரி என்றால் எல்லாச் சபைகளிலும் ஓடும். இல்லையென்றால் வேறு போக்கிடம் கிடையாது. தியேட்டர்காரனுக்கு நான் சாமியார், சபைக்கு நான் சினிமாக்காரன்.

செயலாளருக்கு ‘கோட்டு’ என்று பெயர் வைத்திருக்கிறோம். வெயிலிலும் கழற்ற மாட்டார்.

“ஸ்கிரிப்ட் எங்க பிரதர்?”

“தலைக்குள்ள இருக்கு. தட்டிப் பாருங்க.”

யாரும் சிரிக்கவில்லை.

ஒரே ஒரு காட்சிக்காக எடுத்த படம். மகளின் அடக்கத்தில் அப்பனை ஜெபம் பண்ணச் சொல்கிறார்கள். வாய் “ஸ்தோத்திரம் ஆண்டவரே” என்கிறது. கண் திறந்தே இருக்கிறது, ஆண்டவரையே முறைக்கிறது. கேமரா முகத்தை விட்டு நகராது. என் மகளின் சவப்பெட்டி முன்னால் நான் அப்படித்தான் நின்றேன்.

திரையில் பாஸ்டர் “ஜெபிப்போம்” என்றார். கமிட்டி மொத்தமும் தலை குனிந்து கண்ணை மூடிக்கொண்டது. ஆமென் கேட்ட பிறகுதான் திறந்தார்கள்.

“ஜெபம் ரொம்ப உருக்கம் பிரதர்,” என்றார் கோட்டு. அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

ஜூன் 5
பார்க்காமலேயே பாஸ் போட்டுவிட்டார்கள். இதற்குச் சந்தோஷப்படுவதா?

ஜூன் 11
முதல் சபை. கூடம் நிறைய ஜனம். அந்தக் காட்சியில் அத்தனை பேரும் கண்ணை மூடினார்கள். கைக்குழந்தைகள்தான் பார்த்தன. ஒருவர் மூடியதே சாக்கு என்று குறட்டை விட்டார்.

மகன்தான் எடிட்டிங். “பழக்கம்பா. ஜெபம்னு காதுல விழுந்தா கண்ணு தானா மூடிக்கும்,” என்றான்.

“அப்ப அந்த வார்த்தைய வெட்டு. பாஸ்டர் தோளத் தொட்டாப் போதும். முகம் மொதல்ல வரட்டும், குரல் அப்புறம் வரட்டும்.”

ஜூன் 18
இரண்டாவது சபை. பார்த்தார்கள். ஒரு அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். கூடத்தில் இருமல்கூட இல்லை. இதற்காகத்தானே —

கோட்டும் பார்த்தார்.

ஜூன் 20
கமிட்டி கூப்பிட்டது.

“ஆண்டவர முறைக்கிற ஆளையா சபையில காட்டுவீங்க?”

“மொத நாளும் இதே ஆள்தான் முறைச்சான். நீங்கதான் பாக்கல.”

“நாங்க ஜெபத்துல இருந்தோம்.”

“சரி, காட்சிய எடுத்துடவா?”

கோட்டு யோசித்தார். “எடுக்க வேணாம் பிரதர். பழையபடி அந்த ‘ஜெபிப்போம்’ வந்துட்டாப் போதும்.”

ஜூன் 21
முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். “இதையும் எழுதவா மாமா?” என்கிறாள் மருமகள். எழுது.

ஜூலை 2
மகன் எனக்குத் தெரியாமல் அந்த வார்த்தையைத் திரும்பச் சேர்த்துக் கமிட்டியிடம் கொடுத்துவிட்டான்.

“யாரும் பாக்காம வீட்டுல கெடக்கறதுக்கு இது மேல்பா.”

“இதுலயும் யாரும் பாக்கலியேடா. உன் அக்கா முகம் மறந்துபோச்சா?”

எழுந்து போய்விட்டான். மருமகள் பேனாவைக் கீழே வைத்தாள். கோபம் புருஷன் மேலா, என் மேலா, கேட்கவில்லை.

ஜூலை 9
நாலு சபையில் ஓடியதாம். ஜெபம் உருக்கமாம்.

ஜூலை 16
பெரிய சபை. போகக் கூடாது என்றுதான் இருந்தேன், போனேன். மூடினார்கள், திறந்தார்கள், கைதட்டினார்கள். “பிரதரே நமக்காக முடிவு ஜெபம் பண்ணுவாங்க,” என்று கோட்டு மைக்கை என் கையில் திணித்தார்.

வாய் நன்றாகவே ஜெபித்தது. சபைக்காக, கமிட்டிக்காக, கோட்டுக்காகக்கூட. நான் கண்ணை மூடவில்லை. வரிசை வரிசையாக மூடிய இமைகள். மகனைத் தேடினேன். புரொஜெக்டர் பக்கத்தில் நின்றிருந்தான். அவன் கண் திறந்திருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்தான். தலையைக் குனிந்து மூடிக்கொண்டான்.

ஆமென் என்றேன்.