யார் முகத்தில் விழிப்பது

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

இங்கே நான், வீடு, மாடிப்படியில் ஒழுகும் குழாய் மூன்றும் அப்படியே இருக்கிறோம். நீயும் உன் வறட்டு இருமலும் எப்படி இருக்கிறீர்கள் என்று அறிய ஆவல். இருமல் கிளம்பிப் போயிருந்தால் நல்லது, விலாசம் கொடுத்துவிடாதே. தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் போடுகிறாள் என்று நினைப்பாய். போனில் ஆரம்பித்தால் நீ நடுவில் ஏதாவது சொல்வாய், நான் சரி விடு என்பேன், விஷயம் அங்கேயே நின்றுவிடும். காகிதம் குறுக்கே பேசாது.

என்னைக் காலை ட்யூட்டிக்கு மாற்றியது உனக்குத் தெரியும். இத்தனை வருஷம் ஆஸ்பத்திரிக்கு ராத்திரியில் வரும் போனையெல்லாம் எடுத்துக்கொண்டிருந்தவள், இப்போது முன்வாசலில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறேன். வெறும் குரலாக இருந்தேன். திடீரென்று முகம் வைத்துக்கொள்ளச் சொன்னால் எப்படி. மேற்பார்வையாளர் பெண் நல்லவள்தான், உன் வயதுதான் இருக்கும், என் ரத்த அழுத்தத்துக்காக டாக்டர் சொல்லித்தான் மாற்றினாள். காலையில் நேரத்துக்கு வரமுடியாவிட்டால் கொடுப்பதற்கு வேறு வேலை இல்லை, வீட்டில் நிம்மதியாக இருக்கலாமே அம்மா என்றாள். அவள் ஓய்வு என்கிற அர்த்தத்தில் சொன்னாள். எனக்கு அறைகள்தான் ஞாபகம் வந்தன. உன் அறை. அப்பா கடைசியாகப் படுத்திருந்த அறை. பகலில் அங்கெல்லாம் வெளிச்சம் எப்படி விழுகிறது என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. அதனால் எப்படியாவது காலையில் எழுந்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது.

எழுந்திருப்பது அவ்வளவு சுலபமா. நம் இரண்டு பேரையும் உன் அப்பா ஆந்தைகள் என்று சும்மாவா சொன்னார். அலாரத்தைக் கட்டிலருகில் வைத்தேன், கை தானாகப் போய் அணைத்தது. சமையலறையில் வைத்தேன், நடந்து போய் அணைத்துவிட்டு அலமாரியில் சாய்ந்தபடி அங்கேயே தூங்கியிருக்கிறேன். உன் சித்தியிடம் யோசனை கேட்டது என் தப்பு. அவள் பிறக்கும்போதே குளித்துவிட்டு வந்தவள். படுத்தாத்தானேக்கா எழுந்திருப்ப என்றாள். படுக்கிறேன் கண்ணா. ஆனால் அந்தத் தேசத்தில் உனக்குச் சாயங்காலம் ஆகும்போது இங்கே எனக்கு நடுச்சாமம். நீ வேலை விட்டு வந்து, போனைச் சமையலறைத் தட்டில் நிறுத்தி வைத்துவிட்டு வெங்காயம் நறுக்குவாய். பாதி நேரம் நாம் பேசுவதுகூட இல்லை. குழாயைத் திறக்கிறாய், மூடுகிறாய், எதையோ கீழே போட்டுவிட்டு உன்னையே திட்டிக்கொள்கிறாய். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். நீ வைத்த பிறகு வீடு இன்னும் பெரிதாகிவிடும், தூக்கம் வராது, வருகிற நேரத்தில் பொழுது விடியும். அப்படியே கிளம்பிப் போய்க் கவுண்ட்டரில் உட்காருவேன். வாசலில் இருக்கும் வாட்ச்மேன் டீ கொண்டுவருகிறவரிடம் என்னை விடியாமூஞ்சி என்று சொன்னது காதில் விழுந்தது. கோபம் வரவில்லை. ஊருக்கெல்லாம் விடிந்தும் எனக்கு மட்டும் விடியாமல்தானே இருந்தது.

அப்படி ஒரு காலையில்தான் அது நடந்தது. ஒரு பெரியவர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவராம், அவசரமாகக் கண்ணாடிக்கு முன்னால் வந்து, மனைவியை ஆபரேஷனுக்கு அழைத்துப் போகிறார்கள், உள்ளே போகுமுன் ஒரு தடவை பார்க்கவேண்டும், எந்தப் பக்கம் போவது என்று கேட்டார். கண் திறந்துதான் இருந்தது. வாய்தான் பழைய வேலையில் இருந்தது. லைன்ல இருங்க என்றேன். போனில் அதற்கு, வைத்துவிடாதீர்கள், விசாரித்துச் சொல்கிறேன் என்று அர்த்தம். அவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் நீளமாக ஒரு லைன் இருந்தது. போய் அதன் கடைசியில் நின்றுகொண்டார். நான் உள்ளே போன் போட்டு விசாரிக்கவும் இல்லை, அவரைத் தேடவும் இல்லை, அடுத்தவருக்கு டோக்கன் கிழித்துக்கொண்டிருந்தேன். முறை வந்து அவர் மறுபடி என் முன்னால் நின்றபோது அந்த அம்மாளைக் கொண்டுபோய்விட்டார்கள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். “நீங்கதானேம்மா லைன்ல இருக்கச் சொன்னீங்க” என்றார். அவ்வளவுதான். எதிரே இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு டோக்கன் கொடுக்கும்போதும் கண்ணாடி வழியாக அவர் தெரிந்துகொண்டே இருந்தார். அந்த அம்மா நல்லபடியாக வெளியே வந்தார், இல்லையென்றால் இந்தக் கடிதத்தை நான் எழுதியிருக்கமாட்டேன். அன்றைக்கு நீ போன் செய்து ஏன் ஒரு மாதிரி இருக்கிறாய் என்று கேட்டாய். தலைவலி என்றேன்.

மறுநாள் எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை, நேரத்துக்கு முன்பே போய்விட்டேன். அவர் அதே பெஞ்சில் படுத்திருந்தார். ஷட்டரைத் தூக்கிய சத்தத்தில் விழித்து நேராக என்னைப் பார்த்தார். “இன்னைக்கு உங்க முகத்துலதான் முழிச்சிருக்கேன், பார்ப்போம்” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் டோக்கன் கட்டைப் பிரிக்கக் குனிந்துகொண்டேன். யார் முகத்தில் விழித்தேனோ என்று நாம் எப்போது சொல்வோம், காரியம் கெட்டால்தானே. ஆனால் அன்றைக்கு அந்த அம்மா எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தாராம். அதோடு என் முகம் ராசியான முகம் ஆகிவிட்டது. சிரிக்காதே. அதன் பிறகு அவர் என்ன செய்தார் தெரியுமா, வாட்ச்மேன்தான் வந்து சொன்னார், விடியுமுன்பே விழித்துவிடுகிறாராம், ஆனால் கண்ணை மட்டும் இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம், டீ வந்தால் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி வாங்கிக்கொள்கிறாராம், ஷட்டர் சத்தம் கேட்டால்தான் திறப்பாராம். நீங்க லீவு போட்டா அந்த ஆளு கண்ணு தெரியாமலே வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்று வாட்ச்மேன் சிரித்தார். விடியாமூஞ்சியை நம்பி ஒரு மனிதர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கிறார். நான் எப்படிப் போர்வைக்குள் புரள்வது.

அந்த நாட்களில்தான் உன்னிடம் ஒன்றிரண்டு வார்த்தை பேசிவிட்டு அசதியாக இருக்கிறது என்று வைத்தேன். நீயும் சரிம்மா என்று வைத்துவிட்டாய். உனக்கு வருத்தம் என்று எனக்குப் புரிந்தது. சீக்கிரம் படுத்தேன், மறுநாள் உடுத்துவதை முதல் நாளே நாற்காலியில் போட்டு வைத்தேன், ஜன்னல் திரையை விலக்கியே வைத்தேன். எழுந்ததும் உட்காரவே கூடாது, உட்கார்ந்தால் கட்டில் கூப்பிடும். உன் ஆபீசிலும் தாமதமாக வருகிறாய் என்று முகம் சுளிக்கிறார்கள் என்றாயே, அதனால் சொல்கிறேன், காலையில் தூக்கத்தோடு மல்லுக்கு நிற்காதே, தோற்றுப்போவாய், முதல் நாள் ராத்திரியே அதோடு பேசி முடித்துவிடு. அலாரத்தை எத்தனை வேண்டுமானாலும் வை, எல்லாவற்றையும் ஏமாற்றலாம். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒருவரை ஏமாற்ற முடியாது. அப்படி உனக்கும் யாராவது கிடைத்தால் நல்லது.

போன வாரம் அந்த அம்மாளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தவர், கண்ணாடிக்கு முன்னால் நின்று, இவங்கதானா என்று அவரிடம் கேட்டார். என்னை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். போய்விட்டார்கள். அன்றைக்குப் படுக்கும்போது நினைத்தேன், முடிந்தது, நாளைக்கு எழுந்திருக்கக் காரணம் இல்லை. ஆனால் விழிப்பு வந்துவிட்டது. அலாரத்துக்கு முன்பே. அறையில் யாரும் இல்லை. என் கையைத் தூக்கிப் பார்த்தேன், இருட்டில் அதுவும் தெரியவில்லை. யார் முகத்திலும் விழிக்காமல் எழுந்து, குளித்து, கிளம்பினேன். அடுத்த நாளும் அப்படியே. பழகிவிட்டது. இதற்குச் சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை. ஆனால் வேலை போகாமல் நிற்கிறது. பகலில் நாலு பேர் என் முகத்தைப் பார்க்கிறார்கள், நானும் பார்க்கிறேன். அது எனக்கு வேண்டியிருக்கிறது கண்ணா.

அதனால்தான் இந்தக் கடிதம். இனி வேலை நாட்களில் உன் போன் வரும்போது நான் தூங்கியிருப்பேன். நீ எழும் நேரத்தில் பேசுகிறேன்மா என்பாய். அது நீ படுக்கவேண்டிய நேரம், எனக்காக விழித்திருந்துவிட்டு மறுநாள் ஆபீசில் பேச்சு வாங்குவாய். ஒரு ஆந்தை திருந்துவதற்கு இன்னொன்று கெட வேண்டாம். என் லீவுக்கு முதல் நாள் ராத்திரி பேசுவோம், நீ சமைத்துச் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவும்வரைக்கும் வைக்கமாட்டேன்.

உடம்பும் மனசும் தெம்பாக, நல்ல தூக்கமும் நல்ல மனிதர்களும் வாய்த்து நீ நன்றாக இருக்கவேண்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. மற்ற நாட்களிலும் பேசத் தோன்றினால் போன் போடு, வேண்டாம் என்று சொல்லமாட்டேன். போனைக் கூடத்தில்தான் வைத்திருப்பேன், விழித்திருந்தால் எழுந்து வந்து எடுப்பேன். முழுசாக அடித்து ஓயட்டும், பாதியில் நிறுத்தாதே. நான் எடுக்கவில்லை என்றால் பயப்படாதே. அம்மா நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம்.

இப்போதெல்லாம் சீக்கிரம் படுத்துவிடும்,
உன் அம்மா