சைக்கிள் மணியும் சம்பந்தியம்மாவும்

என்னங்க,

இன்று வகுப்புக்கு முன்னால் மேசையைத் துடைக்கும்போது, மடிக்கணினிக்குப் பின்னால் இருந்த உங்கள் சைக்கிள் மணியில் கை பட்டுவிட்டது. கிணிங் என்று ஒரே ஒரு சத்தம். உடனே திரும்பி உங்கள் முக்காலியைப் பார்த்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு "ஹலோ, ஹூ இஸ் திஸ்?" என்று கேட்க அங்கே ஆள் இல்லை. இருக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். கழுத்துக்குத்தான் தெரியவில்லை, அது தன்பாட்டுக்குத் திரும்பிக்கொண்டது.

லத்தா தெருவில் இருந்த உங்கள் உதிரிபாகக் கடையில் துருப்பிடித்து, விலை போகாமல் கிடந்த மணி அது. ஒரு சாயங்காலம் சட்டைப் பையில் போட்டு எடுத்து வந்து, "இந்தா சயாமா, உன் கொரியாக்காரிகளுக்கு டெலிபோன்" என்று மேசையில் வைத்தீர்கள். தெருப் பிள்ளைகள் என்னை டீச்சர் என்ற மரியாதையில் பர்மியில் சயாமா என்று கூப்பிடுவார்கள். நீங்கள் கூப்பிட்டதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

அந்த மணி என் வகுப்பில் டெலிபோனாக இருந்தது, வீட்டு வாசல் மணியாக இருந்தது, ஓட்டல் வரவேற்பு மேசையாகவும் இருந்தது. கொரியாவில் உட்கார்ந்துகொண்டு கணினித் திரை வழியே என்னிடம் இங்கிலீஷ் பேசப் பழகும் பெண்களுக்கு அன்றாடப் பேச்சுதான் பாடம். கடையில் எப்படிக் கேட்பது, டாக்டரிடம் எப்படிச் சொல்வது, பக்கத்து வீட்டாரிடம் எப்படி விடைபெறுவது. முதல் மாணவி இங்கே ரங்கூனில் ஆடைத் தொழிற்சாலை மேலாளராக இருந்தவரின் மனைவி. ஊர் திரும்பியதும் தோழிகளிடம் சொல்லி வைத்தாள், அவர்கள் ஒவ்வொருத்தியாக வந்து சேர்ந்தார்கள். புத்தகத்தில் எல்லா உரையாடலும் 'ஏ' என்பவருக்கும் 'பி' என்பவருக்கும் நடுவில்தான். "ஏன், இதுகளுக்குப் பேரு வைக்கக்கூட ஆத்தா அப்பன் இல்லியா?" என்று கேட்டீர்கள். சரி, நீங்களே வந்து பேர் வையுங்கள் என்றேன். அன்று முக்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

நல்ல நடிகர் என்று சொல்ல மாட்டேன். டாக்டராக வந்த அன்று காய்ச்சல் என்று சொன்ன பெண்ணுக்கு நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னீர்கள். விமான நிலைய அதிகாரியாக வந்து, பெட்டிக்குள் என்ன என்று கேட்டு, அவள் பதில் சொல்லி முடித்த பிறகு எனக்கும் கொஞ்சம் கொண்டு வந்தியா என்று கேட்டீர்கள். எல்லாவற்றையும்விட என்னைப் படுத்தியது 'ஹவ் ஆர் யூ'தான். கொரியப் பெண்கள் அதற்கு ஒரே மூச்சில் "ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ, அண்ட் யூ?" என்பார்கள். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு போல ஏற்றி விட்டிருக்கிறார்கள். அந்த 'அண்ட் யூ'வுக்கு நீங்கள், "முழங்கால் வலி. மாடிப்படி ஏற முடியல" என்று இங்கிலீஷில் உண்மையைச் சொல்லிவிடுவீர்கள். அந்தப் பக்கம் அவசரமாகப் புத்தகத்தைப் புரட்டுவார்கள்.

"புத்தகத்துல இருக்கறதச் சொல்லுங்களேன்" என்று நான் பல்லைக் கடிப்பேன்.

"கேட்டாளா இல்லியா? கேட்டா சொல்லணும்ல."

ஹேஜின் அம்மாளை உங்களுக்குப் பிடித்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். என்னிடம் படித்தவர்களில் வயதில் மூத்தவள் அவள். அவள் மகன் கனடாவில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். பெண்ணின் தாயாருக்குக் கொரிய மொழி தெரியாது. இவளுக்கு இங்கிலீஷ் வராது. அந்த அம்மாளிடம் நாலு வார்த்தை பேச வேண்டும் என்பதற்காகவே வகுப்புக்கு வந்தாள். மருமகளின் அம்மாவை இங்கிலீஷில் எப்படிக் கூப்பிடுவது என்று அவள் முதல் நாள் கேட்டாள். கொரிய மொழியில் அந்த உறவுக்குத் தனிச் சொல் இருக்கிறதாம். இங்கிலீஷில் அப்படிச் சொல்லே கிடையாது, பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள் என்றேன்.

நீங்கள் முக்காலியிலிருந்து எட்டிப் பார்த்தீர்கள். "சம்பந்திக்கு வார்த்தையே கிடையாதா? அப்புறம் கல்யாணத்துல யாரு கோவிச்சுக்குவா?"

இதை அவளுக்கு நான் இங்கிலீஷில் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சம்பந்தி என்ற சொல்லை எழுதி வாங்கிக்கொண்டாள். அன்று முதல் உங்கள் பெயரே அதுதான். வகுப்பு தொடங்கியதும் என்னைக் கேட்க மாட்டாள். "வேர் இஸ் சம்பந்தி?" என்பாள். நீங்கள் மணியை அடித்து, கனடாக்காரியாக, கீச்சுக் குரலில் வருவீர்கள். கடைக்குள் நின்று பம்புக்கு வாஷர் விற்கிற மனிதன், முக்காலியில் உட்கார்ந்து பனி கொட்டுகிறது என்று அலுத்துக்கொள்வதைப் பார்க்க எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

ஒருநாள் அவள் முகம் வாடி வந்தாள். அந்தக் கனடா அம்மாளின் கணவர் இறந்துவிட்டாராம். அம்மா, நீ ஒரு தடவை அவர்களோடு பேசு என்று மகன் சொல்லியிருக்கிறான். இவள் துக்கம் கேட்கும் வாக்கியங்களை எல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். முதல் வாக்கியத்துக்கு அப்புறம் அந்தப் பக்கம் அழுதால் என்ன சொல்வது, புத்தகத்தில் இல்லாதது எதையாவது சொன்னால் என்ன செய்வது என்றுதான் பயம்.

நீங்கள் மணியை அடித்தீர்கள். அன்று மூக்கைப் பிடிக்கவில்லை, உங்கள் சொந்தக் குரலிலேயே "ஹலோ" என்றீர்கள்.

"ஐ ஆம் சோ சாரி ஃபார் யுவர் லாஸ்" என்று அவள் திக்காமல் சொன்னாள். சொல்லிவிட்டு, பதற்றத்தில் வாய் தன் பழக்கத்துக்குப் போய், "ஹவ் ஆர் யூ?" என்றாள்.

முக்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டீர்கள். பிறகு, "டுடே ஐ குக் ரைஸ் ஃபார் டூ. பை மிஸ்டேக்" என்றீர்கள்.

நான் மைக்கை அணைத்துவிட்டு, "கனடாக்காரி எங்கயாவது சோறு ஆக்குவாளா?" என்று உங்களைப் பிடித்துக்கொண்டேன்.

"புருசன் செத்துட்டா எந்த ஊர்க்காரியும் அன்னிக்கு ரெண்டு பேருக்குத்தான் ஆக்குவா. நீ மைக்கைப் போடு."

மைக்கைப் போட்டேன். ஹேஜின் அம்மாள் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் மெதுவாக, "டிட் யூ ஈட்?" என்று கேட்டாள். சாப்பிட்டாயா என்று கேட்பது அவர்கள் ஊரில் குசலம் விசாரிப்பதாம். நமக்கும் அப்படித்தான், இங்கே பர்மாக்காரர்களுக்கும் அப்படித்தான். இங்கிலீஷில் அப்படிக் கேட்கிற வழக்கம் இல்லை என்று முதல் வாரமே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அன்று திருத்த எனக்கு வாய் வரவில்லை. இன்னும் சாப்பிடவில்லை என்று தலையாட்டினீர்கள், பிறகு சாப்பிடுகிறேன் என்றீர்கள்.

அதோடு விட்டீர்களா? போகிற போக்கில் ஒரு பாடத்தையும் சேர்த்து வைத்தீர்கள். துக்க வீட்டில் நம் ஆட்கள் விடைபெற்றுக்கொள்ள மாட்டார்கள். போயிட்டு வரேன் என்றால் இதே மாதிரி ஒரு துக்கத்துக்கு மறுபடி வருவதாக ஆகிவிடும். அதனால் சும்மா எழுந்து போய்விட வேண்டும். இதை உங்கள் கடை இங்கிலீஷில், "நோ பை-பை. ஜஸ்ட் கெட் அப் அண்ட் கோ" என்று அவளுக்குச் சொன்னீர்கள்.

எனக்கு வந்ததே கோபம். "அவ கனடாவுக்குப் பேசப்போறா. மதுரைக்கா போறா? பை சொல்லாம வச்சா அந்தம்மா என்ன நினைக்கும்?" என்று வகுப்பு முடிந்ததும் கத்தினேன். மறுநாள் அவளைக் கூப்பிட்டு, சம்பந்தி சொன்னதைக் கணக்கில் எடுக்காதே, அங்கே கட்டாயம் 'டேக் கேர், பை' என்று சொல்லித்தான் வைக்க வேண்டும் என்று திருத்தினேன். அவளும் அப்படியே சொன்னாள். பேச்சு நல்லபடியாக நடந்ததாம். கனடா அம்மாள் அழுதாளாம், பிறகு நிறையப் பேசினாளாம். நீங்கள் சொல்லிக்கொடுத்தது யாருக்கும் பயன்படாத பாடமாக நின்றுபோனது.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில், குடையை எடுத்துக்கொண்டு "வந்துர்றேன்" என்று படியிறங்கினீர்கள். கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கு இன்னும் அந்தச் சொல்மேல்தான் கோபம். வந்துர்றேன் என்றுதானே சொன்னீர்கள்?

கருமாதி முடியும்வரை மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் இருக்கும் நம் வீட்டுக்கு ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். வந்தவர்களிடம் தமிழில் சொன்னேன், அவர் போயிட்டார் என்று. வார்டு ஆபீசில் பர்மியில் சொன்னேன். இரண்டும் எப்படியோ வாயிலிருந்து வந்துவிட்டன. இங்கிலீஷில் மட்டும் வரவில்லை. மறுபடி வகுப்பைத் தொடங்கியபோது, இத்தனை நாள் மின்சாரம் சரியில்லை என்று சொன்னேன். ரங்கூன் என்றால் அதை யாரும் நம்பாமல் இருக்க மாட்டார்கள். ஹேஜின் அம்மாள் "வேர் இஸ் சம்பந்தி?" என்றாள். வெளியே போயிருக்கிறார் என்றேன். அடுத்த வாரம் கேட்டாள். கடையில் வேலை என்றேன்.

ஏன் என்று எனக்கே தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால், நாம் இரண்டு பேரும் விளையாடிய மொழி அதுதான். இங்கிலீஷில் நீங்கள் எத்தனையோ தரம் நோயாளியாகப் படுத்திருக்கிறீர்கள், ஒருமுறை செத்தும் போயிருக்கிறீர்கள். ஒவ்வொரு தரமும் வகுப்பு முடிந்ததும் எழுந்து டீ கேட்டிருக்கிறீர்கள். அந்த மொழியிலும் சொல்லிவிட்டால் அப்புறம் நீங்கள் இருக்க ஒரு இடமும் மிச்சமில்லை. சொல்லாமலே வகுப்பு நடத்தவும் முடியவில்லை. இரண்டு பேர் பேசும் பாடங்களை எல்லாம் தள்ளி வைத்து, ஒருத்தி பேசும் பாடங்களை மட்டும் நடத்திவந்தேன். இந்த மாதத்தோடு வகுப்பையே நிறுத்திவிடலாம் என்று இருந்தேன். இன்று ஹேஜின் அம்மாளிடம் அதைத்தான் சொல்லப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் மேசையைத் துடைத்தேன். அப்போதுதான் மணி அடித்தது.

அவள் திரையில் வந்தாள். எப்போதும் போல, "ஹவ் ஆர் யூ?" என்றாள்.

ஃபைன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அடுப்படி திரைச்சீலை விலகியிருந்தது, உள்ளே பானை தெரிந்தது. மதியம் உலை வைக்கும்போது கை தன் பாட்டுக்கு அரிசியை அளந்து போட்டுவிட்டது. வடித்த பிறகுதான் பார்த்தேன். பார்த்ததும் சாப்பிடப் பிடிக்காமல் மூடி வைத்திருந்தேன்.

"டுடே ஐ குக்ட் ரைஸ் ஃபார் டூ" என்றேன்.

உங்களை மாதிரி நடிக்க வேண்டும் என்று சத்தியமாக நான் நினைக்கவில்லை. உண்மை அதுதான், வேறு எதுவும் சொல்ல வரவில்லை. 'பை மிஸ்டேக்' என்று சேர்க்கக்கூட முடியவில்லை.

ஹேஜின் அம்மாளுக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. முகம் அப்படியே மாறிப்போனது. மனப்பாடம் செய்த வாக்கியங்கள் அத்தனையும் அவளிடம் உண்டு, சொல்லிக்கொடுத்ததே நான்தான். அவள் அதில் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. "சம்பந்தி..." என்று மட்டும் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "டிட் யூ ஈட்?" என்றாள்.

"நோ."

"ஈட். ஐ வெயிட்."

திரைக்கு முன்னால் தட்டை வைத்துக்கொண்டு நான் சாப்பிட்டேன். சோறு, நேற்றைய மீன் குழம்பு. அழுதுகொண்டேதான் சாப்பிட்டேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தட்டைக் காலி செய்து கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் திரை இருட்டாக இருந்தது.

லைன் போய்விட்டது என்று நினைத்தேன். தெருவில் கரண்ட் திரும்பி வந்தால் "மீ லா பீ!" என்று கூச்சல் கிளம்புமே, அதற்காகக் காது கொடுத்தேன். ஒரு சத்தமும் இல்லை. நிமிர்ந்து பார்த்தால் மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. வைஃபை பெட்டியில் பச்சை விளக்கும் எரிந்தது. கரண்ட் போகவில்லை, லைனும் போகவில்லை. அவள் எழுந்து போயிருக்கிறாள். நம்மவர்கள் போகிற மாதிரி, சொல்லிக்கொள்ளாமல்.

கனடாவுக்கு வேண்டாம் என்று நான் அழித்துவிட்ட பாடத்தை அவள் இத்தனை நாள் எனக்காக வைத்திருந்திருக்கிறாள். உங்களை நினைத்துப் பெருமையாக இருந்தது. வாயில் வந்தபடி திட்டவும் திட்டினேன்.

வகுப்பை நிறுத்தப்போவதில்லை. அடுத்தது ஒரு சின்னப் பெண், அவளுக்கு இன்று ஓட்டல் பாடம், இரண்டு பேர் பேசுவது. மணியை மடிக்கணினிக்குப் பின்னாலிருந்து எடுத்து என் பக்கம் வைத்துக்கொண்டேன். வெயிட்டராக நானே வருவேன், மூக்கைப் பிடித்துக்கொண்டு. நன்றாக இருக்காது, தெரியும். உங்களுடையதும் நன்றாக இருந்ததில்லை.

துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு போகக்கூடாது என்றீர்கள். அது மற்றவர்களுக்கு. உங்களிடம் நான் திரும்ப வர வேண்டும், அதனால் சொல்லிக்கொண்டுதான் போவேன். வகுப்புக்கு நேரமாச்சு. போயிட்டு வரேங்க.