ட்ரம்பெட் வர்றதுக்கு முன்னாடி

ஒக்டோபர் 6, திங்கள்

காலையில வெயில், ரெண்டு மணிக்கு மேல மழை. உடுப்பு ஒண்ணும் காயல. கி.யை கிளினிக் கூட்டிப் போனேன். கி.ன்னா கிளாக்கர் ஐயா. என் புருசன். தேயிலைத் தோட்டத்து ஆபீஸ்ல கணக்கு எழுதினவர், தோட்டமே அப்பிடித்தான் கூப்பிட்டுச்சு, நானும் அப்பிடியே. பென்சனாகி உக்குவளைக்கு வந்தும் அந்தப் பேர் போகல. பக்கவாதம் வந்ததுலேருந்து வலது கை வெளங்கல, பேச்சு இல்ல. "ஆ" மட்டும்.

ஸ்பீச் தெரபி மிஸ் சின்னப் புள்ள, சிங்களம். பேச்சு போனாலும் பாட்டு தலைக்குள்ள இருக்குமாம். புடிச்ச பாட்டப் போட்டு கூடவே முனங்க வச்சா, அதோட ஒட்டிக்கிட்டு வார்த்தையும் வரலாமாம். ஐயாவுக்கு என்ன மாதிரிப் பாட்டு புடிக்கும்னு கேட்டாங்க.

கி. என்னையே பாக்கிறார். கண்ணு கெஞ்சுது. சிங்களம் அவருக்கு என்னைவிட நல்லா வெளங்கும்.

"பக்தி கீ"ன்னு சொன்னேன். சாமிப் பாட்டு.

மிஸ் உடனே போன்ல ஒரு புள்ளையார் பாட்டப் போட்டாங்க. கோயில் வாசல மிதிக்காத மனுசன். கதிரையத் தட்டித் தட்டி "ஆ! ஆ!"ன்னு கத்தல், எச்சில் வேற. மிஸ்ஸுக்கு ஒரே சந்தோசம். "ஷா! ஹரி ஹொந்தய்! எவ்வளவு ஆசையா பாடுறார் பாருங்க!" தினமும் போடச் சொன்னாங்க. கட்டாயம் போடுறேன்னு சொன்னேன்.

த்ரீவீலர்ல வர்றப்ப சிரிப்ப அடக்க முடியல.

வாங்கணும்: சவர்க்காரம், ரஸ்க், நல்ல கருவாடு (எனக்கு).

ஒக்டோபர் 7, செவ்வாய்

மூடாப்பு. காலையில முருகன், பத்து மணிக்கு ஐயப்பன். கி. சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டார். ஆனைக்கு ஒரு காலம்னா பூனைக்கு ஒரு காலம்.

அவருக்கு சாமி ஒரே ஒரு ஆள்தான். கௌபாய் படங்களுக்கு மியூசிக் போட்ட இத்தாலிக்காரர். தோட்டத்துல குடுத்த கோட்டஸ் வூட்டுல ரெண்டு பெரிய ஸ்பீக்கர் பொட்டி வச்சிருந்தோம். படம் போட்டா சத்தம் கீழ தொழிலாளிங்க இருக்கிற லயம் வரைக்கும் கேக்கும். "கிளாக்கர் வூட்டுல இங்கிலீஸ் படம்"னு சிரிப்பாங்களாம். படம் ஓடுறப்பதான் என்னை அடிப்பார். மகள வெளிய வெளையாட அனுப்பிட்டு. என் சத்தம் ஒரு காதுக்கும் போகல.

அந்த இத்தாலிக்காரர் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. இதுதான் வேடிக்கை. என்ன மனுசன்! ஒரு விசில், ஒரு மணிச்சத்தம், ஒரு கிட்டார் கம்பி. குதிரைக்காரன் அசையவே மாட்டான், பாட்டுதான் அவனுக்காக நடந்து வரும். ஒரு பொம்பளக் குரல் வார்த்தையே இல்லாம மேல போகும். வார்த்தை இருந்தா கெட்டுப் போயிருக்கும். சுடுறதுக்கு முன்னால ஒரு அமைதி வைப்பார் பாருங்க, அத என்னைவிட யாரும் ஒழுங்கா கேட்டிருக்க மாட்டாங்க.

ஒக்டோபர் 9, வியாழன்

மழை. கரண்ட் போய் வந்துச்சு. கருவாடு நல்லா இருந்துச்சு.

சாமிப் பாட்டு எனக்கே அலுத்துப் போச்சு. மத்தியானம் கி.யோட பழைய கௌபாய் பாட்டு ஒண்ணப் போட்டேன். விசில் தொடங்கின உடனே மனுசன் தலையத் தூக்கினார். மூஞ்சியில அப்பிடி ஒரு வெளிச்சம். கிட்டார் வந்துச்சு, ட்ரம் வந்துச்சு, எல்லாம் ஏறி ஏறி ட்ரம்பெட்டுக்கு வாசல் தொறக்கிற எடத்துல நிப்பாட்டிட்டேன்.

"கரண்ட் போயிருச்சுங்க"ன்னேன். தலைக்கு மேல ஃபேன் சுத்துது.

திரும்பப் போட்டேன். திரும்ப அதே எடத்துல நிப்பாட்டினேன். அழுதார். பாவமா இருந்துச்சான்னு என்னையே கேட்டுப் பாத்தேன். இல்ல.

அப்புறம் வாய்க்குப் பயிற்சி. உதட்டக் குவிச்சு ஊதணும்னு மிஸ் சொல்லியிருக்காங்க. வாய் கோணிக்கிட்டு காத்துதான் வருது. "பொட்டச்சி விசிலடிச்சா குடும்பம் வெளங்காது"ன்னு ஒரு காலத்துல என் உதட்ட கிழிச்ச ஆள். கட்டில் பக்கத்துல ஒக்காந்து முழுப் பாட்டையும் விசில்லயே அடிச்சுக் காட்டினேன். ஒரு எடம் பிசகல. பக்கத்து வூட்டு முஸ்லிம் நானா எட்டிப் பாத்து, "யாரு தங்கச்சி, மவுத் ஓர்கனா?"ன்னு கேட்டுட்டுப் போறார்.

பேச்சு வரக் கூடாது. வந்தா முதல்ல என் தலையிலதான் விழும். இந்த வூட்டுல இப்ப ஒரு வாய் போதும்.

ஒக்டோபர் 11, சனி

வெயில். போர்வை ரெண்டும் துவைச்சாச்சு. சுமதி போன் பண்ணினா, நாளைக்கு கலேவெலயிலேருந்து வர்றாளாம், கத்தரிக்காய் கொண்டாறாளாம். மகளுக்கு அப்பான்னா உசிரு. ஒரு நாள் வந்துட்டுப் போறவளுக்கு என்னத்தச் சொல்ல.

ஒக்டோபர் 12, ஞாயிறு

சுமதி வந்தா. ஐயப்பன் பாட்டு ஓடுறதக் கேட்டுட்டு வாசல்லயே நின்னுட்டா.

"சாமிப் பாட்டா? அப்பாவுக்கா? யாரும்மா சொன்னது?"

"மிஸ்தான் சொன்னாங்க."

"அவங்களுக்கு என்ன தெரியும்! அப்பாவோட கௌபாய் பாட்டு இருக்கே. அதக் கேட்டாலே எனக்கு நாங்க கோட்டஸ் முத்தத்துல வெளையாண்டதுதான் ஞாபகம்."

போன்ல தேடிப் போட்டுட்டா. நான் குசினியில தேங்காய் துருவிக்கிட்டு. விசில். கிட்டார். நிப்பாட்ட ஆளில்ல. ட்ரம்பெட் வந்தே வந்துருச்சு. எனக்கே மயிர்க்கூச்செறிஞ்சுது, பொய் சொல்லக் கூடாது. கூடவே கி. முனங்குறார். சுருதி சரி. சுமதி "அப்பா! அப்பா!"ன்னு அழுகையும் சிரிப்புமா கைய தட்டுறா.

அப்புறம் தெளிவா, பழைய கொரல்ல:

"ஏய்!"

"பேசிட்டாங்கம்மா! ஒங்களத்தான் கூப்புடுறாங்க, ஓடி வாங்க!"

நான் ஏற்கனவே வாசப்படியில நிக்கிறேன். எப்ப எழுந்தேன், எப்ப வந்தேன், தெரியல. ரெண்டு கையும் மூஞ்சிக்கு முன்னால. தலை குனிஞ்சு, முதுகு வளைஞ்சு, தேங்காய்ப் பூ கையில ஒட்டினது ஒட்டினபடி.

கட்டில்ல கை வெளங்காம கிடக்கிற மனுசனுக்கு.

சுமதி சிரிப்பு நின்னுருச்சு. என்னைப் பாத்தா, அவரப் பாத்தா, போனப் பாத்தா. பாட்டு இன்னும் ஓடுது.

"நாங்க வெளிய வெளையாண்டப்பவாம்மா?"

கைய இறக்கிட்டேன். "அடுப்புல சோறு இருக்கு"ன்னேன்.

"எப்பவுமா?"

"படம் போட்ட நாள்ல."