நாலரைக் கிலோ விரால்

என் உயிர் மாப்ள கருப்பனுக்கு,

எந்தக் கடிதத்தையும் நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். உன்னிடம் அதை எப்படிக் கேட்பேன்? அதனால் இங்குள்ள சேதியைச் சொல்கிறேன். கோரிப்பாளையத்தில் பால வேலையால் புழுதி பறக்கிறது. நான் தைத்து மாட்டுகிற வெள்ளைச் சட்டையெல்லாம் சாயங்காலத்துக்குள் காவி வாங்கிக்கொள்கிறது. உங்கள் ஊர்க் கண்மாய் இந்த வருஷம் நிறைந்து மறுகால் பாய்கிறதாம். உன் வீட்டுக்காரி செல்வி சொன்னாள். நீ இருந்திருந்தால் விடிந்ததும் போன் அடித்திருப்பாய்.

இன்றைக்கு ஒரு விஷயத்தை உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். அதை இந்த ஊரும் கேட்கட்டும் என்றுதான் வெளிப்படையாக எழுதுகிறேன். ஊர் முன்னால் செய்த தப்பை உன் காதில் மட்டும் சொன்னால் அது கணக்கில் சேராது, இல்லையா?

நம்மைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். நீ மேலூர்ப் பக்கத்து விவசாயி, நான் டவுன் தையல்காரன். நீ கருப்பசாமிக்குக் கிடாய் வெட்டுகிறவன், நான் அஞ்சு வேளையில் நாலையாவது தொழுகிறவன். கல்யாணச் சட்டைக்கு அளவு கொடுக்க வந்த அன்றைக்கே, “மச்சான், கைய கொஞ்சம் லூசா வைங்க” என்று முறை வைத்துவிட்டாய். மூன்றாவது சட்டைக்குள் அந்த ‘ங்க’ காணாமல் போனது. அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் கடையைப் பூட்டிவிட்டு நான் மேலூர் பஸ் ஏறுவதும், நாம் இரண்டு பேரும் கண்மாய்க் கரையில் தூண்டில் போட்டு உட்கார்வதும் இருபது வருஷ வழக்கம்.

மீனுக்கு டேப்பு வைத்து எடை சொல்லும் கிறுக்கு நம்மில் யாருக்கு முதலில் பிடித்தது? நீ என்னைச் சொல்வாய், நான் உன்னைச் சொல்வேன். விரால் சிக்கியதும் அதன் உடம்பு எங்கே தடித்திருக்கிறதோ அங்கே மார்புச் சுற்றளவு எடுக்கிற மாதிரி டேப்பைச் சுற்றுவேன். வாய் நுனியிலிருந்து வால் நுனி வரை நீளம். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கு, நீளத்தால் பெருக்கு. பிறகு மீன் கடைத் தராசில் நிறுத்துப் பார்ப்போம். எத்தனையோ மீன்கள் அப்படி நிறுத்த பிறகுதான், பெருக்கி வந்த இஞ்சுக் கணக்கை ஆயிரத்து எழுநூறால் வகுத்தால் கிலோ கிடைக்கிறது என்று கண்டுபிடித்தோம். அன்றைக்கு நீ துண்டைச் சுழற்றிக் கரையில் ஆடியது எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அந்த டேப்பையே ஒருமுறை, கல்யாணச் சட்டைக்கு அளவு கொடுக்க வந்த மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு வைத்துவிட்டேன். அவர் மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்துவிட்டு, “பாய், பின்னாடி அடுப்புல மீன் குழம்பு கொதிக்குதோ?” என்றார். அதற்கப்புறம் மீனுக்குத் தனி டேப்பு, மனுஷனுக்குத் தனி டேப்பு.

ஆனால் நம் கணக்கோடு நீ மட்டும் சேர்த்துக்கொண்ட ஒன்று உண்டு. யார் எந்த மீனைப் பற்றிச் சொன்னாலும் உன் முதல் கேள்வி, “எந்தத் தண்ணி?” என்பதுதான். கிணற்று விரால் தலை பெருத்து உடம்பு வற்றிக் கிடக்கும். அளவில் வருவதில் பத்தில் ஒரு பங்கைக் கழித்துவிடு என்பாய். மழைக்குப் பிந்தின கண்மாய் விரால் தவளையும் அயிரையுமாகத் தின்று கொழுத்திருக்கும். அதில் கழிக்காதே என்பாய். குஞ்சு காக்கிற மீன் சரியாக இரை எடுக்காது. அதில் மட்டும் ஒரு நூறு கிராம் விட்டுக் கொடு. “தண்ணியக் கேக்காம எட சொல்றவன், ஆளப் பாக்காமச் சட்ட தைக்கிறவன் மாதிரி மச்சான்” என்று என் தொழிலையும் சேர்த்து இழுப்பாய்.

இப்போது அந்தக் கார்த்திகைக்கு வருகிறேன். சொல்லத்தான் வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை கல்யாணத் துணி குவிந்து கிடந்ததால் நான் மதியம் வரவில்லை. நீ தனியாகப் போயிருக்கிறாய். வேலை முடிந்து சாயங்காலம் பஸ் ஏறி வந்து, மேலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சுப்பையா டீக்கடையில் உன்னைப் பார்த்தேன். வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது. முகம் பண்டிகைக்குப் புதுச் சட்டை போட்ட பிள்ளை மாதிரி இருந்தது.

“மச்சான், ஆத்தாடி, எம்புட்டுப் பெரிய விராலுங்கிற! கரைக்கு இழுத்தப்புறந்தேன் பாக்குறேன், பின்னாடியே செக்கச்செவேல்னு குஞ்சுக் கூட்டம் சுத்துது. மனசு கேக்கல. தண்ணியிலேயே வச்சுச் சாண் போட்டுட்டு விட்டுட்டேன். நீளம் மூணரைச் சாண். சுத்து ஒண்ணே முக்காச் சாண். நாலரைக் கிலோ குறையாது.”

கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், தீர்ப்புச் சொல்லும் ஆள் நான்தானே! எனக்கு அன்றைக்கு என்ன கிறுக்கோ, பையிலிருந்து டேப்பை எடுத்து என் கையை விரித்து வைத்தேன். ஒரு சாண் ஏழரை இஞ்சு. துணியில் கோடு போடும் சாக்கட்டியால் பெஞ்சிலேயே பெருக்கினேன், வகுத்தேன். இரண்டு கிலோ அறுநூற்றைம்பது.

“ரெண்டு கிலோ நடுவுல எங்க போச்சு மாப்ள, நீயே முழுங்கிட்டியா?” என்றேன். கடையே சிரித்தது. சுப்பையா அண்ணன் வடிகட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

நீ சிரிக்கவில்லை. “அப்ப நான் பொய் சொல்றேங்கிறியா?” என்று கேட்டாய், மெதுவாக.

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். கூட்டம் சிரிக்கிற சுகம் பொல்லாதது மாப்ள. “நான் சொல்லலப்பா, டேப்பு சொல்லுது. டேப்பு பொய் சொல்லாது” என்றேன். நீ பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனாய். “வாரேன்” என்றுகூடச் சொல்லவில்லை.

இரண்டு வாரத்தில் வருவாய் என்று நினைத்தேன். பொங்கல் சட்டைக்கு வராமல் எங்கே போவாய் என்று நினைத்தேன். உனக்கென்று ஒரு வெளிர் நீலத் துணியை எடுத்துத் தனியே வைத்திருந்தேன். பொங்கல் வந்தது, நீ வரவில்லை. போன் போடக் கை போகும். அவன்தானே எழுந்து போனான், அவனே பேசட்டும் என்று கை திரும்பிவிடும். மாசியில் ஒருநாள் செல்வியின் தம்பி போன் பண்ணினான். வயலுக்குத் தண்ணீர் கட்டப் போனவன் வரப்பிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், பிறகு எழவே இல்லை என்றான்.

உன் வீட்டு வாசலில் கூட்டத்தோடு நின்றேன். உன் பக்கத்தில் வர எனக்குத் துணிச்சல் இல்லை. தொழுகையில் உனக்காக துஆ கேட்டேன். இத்தனை மாசமும் ஒரே கேள்விதான் என்னைக் குடைந்தது. என் மாப்ள என்னிடம் பொய் சொன்னானா? இல்லை, சொல்லாத பொய்யை நான் அவன் தலையில் கட்டினேனா?

போன வாரம் செல்வி கடைக்கு வந்தாள். உன் சட்டைகள் நாலைந்தைப் பையில் கொண்டுவந்திருந்தாள். “அண்ணே, மகனுக்குப் பிடிச்சுத் தாங்க. அப்பா சட்டையத்தேன் போடுவேங்கிறான்” என்றாள். பிள்ளை லோடு ஆட்டோ ஓட்டுகிறான், நன்றாக இருக்கிறான். ஆனால் உன் தோள் இல்லை அவனுக்கு, ஒல்லி.

எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. “தங்கச்சி, கடைசி வரைக்கும் எம்மேல கோவமாவா இருந்தான்?”

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். “கோவமா? ஒங்க மேலயா? அதெல்லாம் இல்லண்ணே. மச்சான் டேப்பு வச்சே சொல்லிட்டான், அது ரெண்டரைதேன் போல, எங் கண்ணுதேன் கெட்டுப்போச்சுன்னு சொல்லிக்கிட்டுக் கெடந்தாரு. வெளிய வரவே கூச்சப்பட்டாரு. தூண்டில எடுத்துப் பரண்ல போட்டவருதேன், அப்பறம் தொடவே இல்ல.”

மாப்ள, நீ கோபப்பட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். என் பேச்சை நம்பி உன் கண்ணையே சந்தேகப்பட்டிருக்கிறாயே, அதை நான் எங்கே கொண்டுபோய்க் கழுவுவேன்?

அவள் போன பிறகு உன் சட்டையை மேசையில் விரித்துப் பிரிக்க உட்கார்ந்தேன். உள்பக்கம் திருப்பினேன். உன் தூண்டில் நரம்பும் முள்ளும் வைக்க நான் தைத்த நீள உள்பாக்கெட் இருந்தது. அதற்குள் என் கையை மணிக்கட்டு வரை விட்டேன். விரலை எட்டும் மட்டும் நீட்டியும் பாக்கெட்டின் அடி தட்டுப்படவில்லை. ஏன் என்று தெரியாமலே டேப்பை உள்ளே விட்டேன். ஒன்பது இஞ்சு.

அப்போதுதான் நினைவு வந்தது. முதன்முதலில் அந்தப் பாக்கெட் கேட்டபோது நீ துணி மேல் உன் கையை விரித்து வைத்தாய். “ஒரு சாண் ஆழம் வேணும் மச்சான். எஞ் சாண். ஒஞ் சின்னக் கை சாண வச்சுத் தச்சுப்புடாத, நரம்பு வெளிய எட்டிப் பாக்கும்” என்றாய். நான் சிரித்துக்கொண்டே அளந்து குறித்தேன். அளவு நோட்டை எடுத்துப் புரட்டினேன். உன் பெயருக்குக் கீழே என் கையெழுத்திலேயே இருக்கிறது: உள்பாக்கெட் 9. இருபது வருஷமாக ஒவ்வொரு சட்டைக்கும் அந்த ஒன்பதை வைத்துத்தான் வெட்டினேன். அது உன் சாண் என்பது மட்டும் மறந்துபோயிருக்கிறது எனக்கு.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மூன்றரைச் சாண் என்றால் முப்பத்தொன்றரை இஞ்சு. ஒன்றே முக்கால் என்றால் பதினைந்தே முக்கால். பெருக்கி, பெருக்கி, ஆயிரத்து எழுநூறால் வகுத்தால் நாலு கிலோ அறுநூறு. குஞ்சு காக்கிற மீன், நூறு கிராமை விட்டுக் கொடு. நாலரை. ஒரு சாணுக்கு ஒன்றரை இஞ்சுதான் வித்தியாசம் மாப்ள. மூன்று முறை பெருக்கும்போது அதுவே இரண்டு கிலோவாக வளர்ந்து நிற்கிறது.

உன் கண் கெடவில்லை. கேட்கிறதா? உன் கண் கெடவே இல்லை. டேப்பும் பொய் சொல்லவில்லை. அதை எவன் கையில் வைக்க வேண்டும் என்று தெரியாத மடையன் நான்தான். எந்தத் தண்ணி என்ற கேள்வியை உன் வாயால் இருபது வருஷம் கேட்டுப் பழகியவன், அன்றைக்கு எந்தக் கை என்று கேட்கவில்லை. நீயாவது கையை நீட்டி என் கை மேல் வைத்துக் காட்டியிருக்கக் கூடாதா? உனக்கும் அது தோன்றவில்லையா, அல்லது மச்சானிடம் சாட்சி காட்டுவதா என்று விட்டுவிட்டாயா?

இந்த வெள்ளிக்கிழமை மேலூருக்குப் போனேன். சுப்பையா கடையில் அதே பெஞ்சு. டீ சொல்லிவிட்டுச் சாக்கட்டியை எடுத்து முழுக் கணக்கையும் எழுதினேன், சத்தமாகச் சொல்லிக்கொண்டே. உன் சட்டையைத் திருப்பி அந்தப் பாக்கெட்டையும் காட்டினேன். யாரோ ஒருவர், “போய்ச் சேந்த ஆளுக்கு இப்ப எதுக்கு பாய் எட?” என்றார். சுப்பையா அண்ணன் அவரை அதட்டினார். “இருய்யா. சிரிச்சது நாமளுந்தேன?” என்றார். பிறகு கல்லாவை விட்டு வெளியே வந்து, பெஞ்சில் எழுதியிருந்ததை விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். அன்றைக்கு நீ பாதியில் வைத்த டீயை நினைத்துத்தான் நான் அழுதேன். கூச்சமே இல்லாமல் அழுதேன்.

செல்வியிடமும் சொல்லிவிட்டேன். கேட்டு முடித்ததும் “அப்ப பரண்ல கெடக்குற தூண்டில எறக்கிரட்டுமாண்ணே?” என்றாள்.

இறக்கச் சொன்னேன். வருகிற வெள்ளிக்கிழமை உன் மகனோடு கரையில் உட்காரப் போகிறேன். அந்த விரால் இன்னும் அந்தத் தண்ணீரில் இருந்து, நம் முள்ளில் மாட்டினாலும், தராசுக்குக் கொண்டுபோக மாட்டேன், டேப்பும் வைக்க மாட்டேன். அதன் எடை எனக்குத் தெரியும். இனி யார் என்னிடம் சாண் கணக்குச் சொன்னாலும் முதலில் கையைக் காட்டு என்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் சட்டைகளைப் பிள்ளைக்குப் பிடித்துவிட்டேன். தோளைக் குறைத்தேன், பக்கங்களைக் குறைத்தேன், கை நீளத்தைக் குறைத்தேன். உள்பாக்கெட்டில் மட்டும் கத்தரி வைக்கவில்லை. அது ஒன்பதாகவே இருக்கிறது.

இப்படிக்கு,
சின்னக் கைக்காரன்,
உன் மச்சான் அபுபக்கர்